பூசையில் வைத்த கீபோர்டு

மேல வைக்காதீங்க அண்ணாச்சி, மடியிலயே வச்சுக்கங்க. இந்த டிரைவர் மூதி பிரேக்கு போட்டான்னா மேல இருக்க சாமானெல்லாம் நம்ம தலையிலதான் வந்து விழும். கீபோர்டுல்லா அது? பையைப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு. மகளுக்கா? சந்தோசம். திருநெல்வேலிக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க? நானும் அங்கதான். செத்த ஒதுங்குங்க, ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கிடுதேன். எனக்கு அடிக்கடி துப்பணும். வியாதி ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. ஒரு பிள்ளைய நெனச்சா வாயில எச்சி ஊறிருது. அம்புட்டு அருவருப்பு.

என்னைத் தெரியலயா? சங்கரன்கோயில்ல ஏறிட்டு பால்வண்ணனைத் தெரியலன்னா எப்பிடி? பால்வண்ணா மெலடீஸ். ஆடித்தபசுக்கு வருசா வருசம் மேடை போட்டுப் பாடுவோம்லா, நடுவுல சிவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தன் நிப்பான், அது நான்தான். கோட்டு இல்லாததுனால உங்களுக்கு ஆளு அடையாளம் தெரியல.

இதை இன்சூர் பண்ணிட்டீங்களா? சிரிக்கீங்க. நானும் இப்பிடித்தான் சிரிச்சேன். என் சம்சாரத்தோட தம்பி, குத்தாலம்னு பேரு, இன்சூரன்ஸ் ஏஜெண்டு. வீட்டுக்கு வந்தான்னா காப்பி குடிக்காமப் போகமாட்டான், பாலிசி பேசாமக் காப்பியும் குடிக்க மாட்டான். அந்த வருசம் புளியங்குடிப் பக்கம் ஒரு ட்ரூப்புக்காரனோட வேன் கவுந்துட்டு. டிரம் செட்டு, ஸ்பீக்கரு எல்லாம் நடு ரோட்டுல உருண்டு கெடந்திருக்கு. அதைப் போட்டோ பிடிச்சுக் கொண்டாந்து எங்கிட்ட காட்டுதான் இந்தப் பய. "அத்தான், நாளைக்கு உங்க சாமானும் இப்பிடிக் கெடக்கணுமா?" நல்ல நாள் அதுவுமா வாயில வருத பேச்சைப் பாருங்க. ஆனாலும் போட்டேன். கீபோர்டு, ரிதம் பேடு, பேஸ் கிட்டாரு, தபலா, டோலக்கு, மிக்சரு, ஸ்பீக்கர் பாக்ஸு, மைக்கு, ஸ்டாண்டு வரைக்கும் ஒண்ணு விடாமப் போட்டேன். பிரீமியம் நான்தான் கட்டினேன். வாசிக்கவங்க சம்பளத்துல ஆளுக்குக் கொஞ்சம் பிடிச்சேன், அது வேற விசயம். கொண்டு போய்க் கட்டினது யாரு கை? என் கை.

அதுல வாசிக்கவங்களோட சொந்தச் சாமானும் உண்டு. ஏன்னு கேளுங்க. எங்கிட்ட ஒரு சட்டம். யாரு சாமானா இருந்தாலும் கச்சேரி முடிஞ்சதும் நம்ம ரூம்லதான் இருக்கணும். பஜார்ல அரிசிக் கடைக்கு மாடியில வாடகைக்குப் பிடிச்ச ரூம்பு, சாவி என் இடுப்புல. எல்லாம் அவங்க நன்மைக்குத்தான் அண்ணாச்சி. வீட்ல கெடந்தா எலி கடிக்கும், பிள்ளைங்க போட்டு உடைக்கும். அதுபோக, சாமான் கையில இருந்தா இந்தப் பயலுவ சும்மா இருப்பானுவளா? எவனாவது கூப்பிட்டா அவன் மேடையில போய் ஏறிருவானுவ. நன்றி கெட்ட சாதி, வாசிக்க சாதி.

கீபோர்டுக்கு ஒரு பிள்ள இருந்தா. எப்சிபான்னு பேரு, வேதக்காரப் பிள்ள, கிறிஸ்தவங்க. அவ அப்பா உபதேசியாரா இருந்து செத்துப் போனாரு. பொறவு அந்தச் சபைக்காரங்க எல்லாருமாச் சேந்து, பிள்ள வாசிச்சுப் பொழைச்சுக்கிடட்டும், ஞாயித்துக்கிழமை நமக்கும் வாசிக்கட்டும்னு ஒரு கீபோர்டு வாங்கிக் குடுத்தாங்க. நல்ல சாமான், குறை சொல்லக் கூடாது. அவளும் வாசிப்பா. மேடையில நான் சுதி விட்டு அந்தப் பக்கம் போயிட்டேன்னு வைங்க, அவளும் அந்தப் பக்கமே வந்து என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துருவா. கேக்க சனத்துக்கு ஒண்ணும் தெரியாது. நானே ரெண்டு தடவை கண்டுபிடிக்கல.

ஞாயித்துக்கிழமை காலையில வந்து நம்ம வாசல்ல நிப்பா, அவங்க வேதக்கோயிலுக்குக் கீபோர்டு வேணும்னு. நான் குளிச்சு, பலகாரம் சாப்பிட்டு, பேப்பரு பாத்து முடிச்சு, பைய எந்திரிச்சு வந்து சாவியக் குடுப்பேன். ஒரு நாளாவது இல்லன்னு சொல்லிருக்கேனா? கேட்டுப் பாருங்க ஊருல. நிக்க வச்சிருப்பேன், இல்லன்னு சொன்னதில்ல.

ஒரே ஒரு தடவை சொன்னேன். அதுக்குக் காரணம் உண்டு. சரஸ்வதி பூசை. மறுநாளு விஜயதசமி அன்னைக்கு அவ கோயில்ல அசனப் பண்டிகை. ஊருக்கே சோறு போடுவாங்கள்லா, அந்த விசேசம். பூசைக்கு முந்தின நாளே வந்து, "அண்ணே, நாளன்னைக்கு வெள்ளனப் பாட்டு இருக்கு, கீபோர்டை இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருதேன்"னு நிக்கா. எப்பிடி இருக்கு பாருங்க! ட்ரூப்பு சாமான் மொத்தமும் அம்பாள் முன்னால இருக்கணும். ஒரு சாமான் கொறைஞ்சா அம்பாளுக்கு யாரு பதில் சொல்லுவா? "மறுபூசை முடிஞ்சு முதப் பாட்டு நம்ம ரூம்ல வாசிச்சிட்டு அங்க போ"ன்னு சொல்லிட்டேன். சரின்னா. வேற என்ன சொல்லுவா?

பூசையன்னைக்குக் காலையில அவளே வந்து எல்லாச் சாமானுக்கும் சந்தனம் தொட்டு வச்சா. வேதக்காரப் பிள்ளதான், ஆனா சந்தனம் வச்ச அழகுல ஒரு குறை சொல்ல முடியாது. தன் கீபோர்டுக்கு மட்டும் ஓரமா, விரல் வைக்க கட்டையில படாம, சின்னதா ஒண்ணு வச்சா. அதையும் பாத்தேன், விட்டுட்டேன். அம்பாள் படத்துக்கு மாலை, பொரிகடலை, சுண்டல், அவல், எல்லாம் ஜோரா நடந்துச்சு. சாமானைப் பூசையில வச்சாச்சுன்னா மறுநாள் மறுபூசை முடியுத வரைக்கும் ஒருத்தன் விரல் படக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா? புள்ளைங்க புஸ்தகத்தைக் கூட எடுக்கமாட்டம்லா.

மத்தியானம் எல்லாரும் கீழ உக்காந்து பொரி தின்னுக்கிட்டு இருக்கோம், பிடிச்சிட்டு மழை. மழைன்னா மழையா அது! அந்த ரூம்பு தகரக் கூரை. ஒரு மூலையில ஒழுகும், எனக்கும் தெரியும், வீட்டுக்காரனுக்கும் தெரியும். அவன் நீங்க பாருங்கன்னான், நான் நீ பாருன்னேன், ஒரு வருசம் இதுலயே போயிட்டு. எச்சிக்கலை, ஒரு தகரம் மாத்தித் தரத் துப்பில்ல அவனுக்கு.

பேடு வாசிக்க முப்பிடாதி மேல ஓடிப் பாத்துட்டு வந்து, "அண்ணாச்சி, சாமான் மேல ஊத்துது, தள்ளி வச்சிருவோமா"ங்கான். நான் மேல போய் ரூம்பு வாசல்ல நின்னுட்டேன். "எவனாவது உள்ள கால வச்சீங்க, தெரியும். பூசையில இருக்கு." அவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னுட்டான். அவனுக்கென்ன, அந்தப் பேடு என் பேடு.

இந்தப் பிள்ளதான் கேக்கல. குடையை விரிச்சுக்கிட்டு வந்து நிக்கா. பாதி நனைஞ்சிட்டா. "அண்ணே, நான் சாமானைத் தொடல. உள்ள போய் மேல இந்தக் குடையை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். மழை விடுத வரைக்கும் நிக்கேன்."

"பூசை ரூம்புல குடையா? சவத்தெளவு! போ அங்கிட்டு."

"அப்ப என் கீபோர்டை மட்டும் எடுத்துக்கிடுதேன் அண்ணே. சபையில குடுத்தது அண்ணே."

"மறுபூசை முடியாமத் தொட்டா கை வெளங்காமப் போயிரும்ட்டி."

"என் கைதானே அண்ணே. போனாப் போகட்டும்."

திமிரைப் பாத்தீங்களா? எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துட்டு. "இன்சூரன்சு எதுக்குப் போட்டு வச்சிருக்கேன்? நனைஞ்சா புதுசு வரும். எனக்கும் வரும், உனக்கும் வரும். வாயை மூடிக்கிட்டுப் போ"ன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னேன். சொல்லிட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிட்டேன். அதுக்கு முன்னால நான் மட்டும் உள்ள போய் அம்பாள் படத்தை எடுத்துட்டு வந்தேன். படம் நனையலாமா? அப்பிடியே பக்கத்துல இருந்த என் மைக்கையும் எடுத்துக்கிட்டேன். மைக்கு வந்து சாமான் கணக்குல சேராது அண்ணாச்சி. அது பாடுதவன் தொண்டை மாதிரி.

மறுநாள் காலையில திறந்தா, சீ! அந்த நாத்தம் இன்னும் மூக்குல நிக்கி. நனைஞ்ச தோலு, ஊறின பொரி, அழுகின மாலை. தபலா தோலு தொங்கிப் போயிட்டு. மிக்சரைச் சாச்சா ஓட்டை வழியாத் தண்ணி வழியுது. அவ கீபோர்டு கட்டைக்கு நடுவுல சந்தனம் கரைஞ்சு ஓடிக் கெடக்கு. நான் முறைப்படி சூடம் காட்டி, "ம், வாசி, முதப் பாட்டு"ன்னேன். அவ கீபோர்டைத் தொடைச்சு, பிளக்கை மாட்டி, ஒரு கட்டையை அமுக்கினா. கர்ருன்னு ஒரு சத்தம், தெரு நாய் வாந்தியெடுக்க மாதிரி. அதோட நின்னு போச்சு. அவ அழல. கட்டைய வரிசையா ஒண்ணொண்ணா அமுக்கிப் பாத்துக்கிட்டே இருந்தா. எனக்கு அதைப் பாக்கவே எரிச்சலா இருந்துச்சு. வேலைக்காகாததை எதுக்கு அமுக்குத?

குத்தாலம் ஓடியாந்தான். வந்தவன் என் காதுல சொல்லுதான், "அத்தான், உடையவரு தெரிஞ்சே நனைய விட்டாருன்னு வெளிய வந்துச்சுன்னா சல்லிக்காசு பேராது. நீங்க யாரும் அங்க இல்ல. சாப்பாட்டுக்குப் போயிருந்தீங்க. ரூம்பு பூட்டிக் கெடந்துச்சு. காலையில வந்துதான் பாத்தீங்க. புரிஞ்சுதா?" எனக்குப் புரிஞ்சிட்டு. ட்ரூப்பு ஆளுங்க எல்லாரையும் உக்கார வச்சு, அதையே சொல்லிக் குடுத்தேன். கோரஸ் மாதிரி சொல்லணும்னேன். எப்சிபா மட்டும் தரையைப் பாத்துக்கிட்டு இருந்தா. "உன் கீபோர்டும்தானட்டி இதுல இருக்கு. புதுசு வேணுமா வேண்டாமா?"ன்னு கேட்டேன்.

நஷ்டம் பாக்கச் சர்வேயருன்னு ஒருத்தன் வந்தான். அவனை நெனச்சாலும் குமட்டுது. அந்த நாத்தத்துக்கு நடுவுல உக்காந்து நாலு உளுந்த வடை தின்னான். தின்ன எண்ணெய்க் கையோட என் டோலக்கைத் தொட்டுப் பாக்கான். பொறவு ஒவ்வொருத்தரையா விசாரிக்கான். முப்பிடாதியக் கேட்டா, "எனக்கு அன்னைக்கு வயித்துப்போக்கு சார், நான் எதையும் பாக்கல"ங்கான். பேஸ் கிட்டாரு வாசிக்கவன் பெரிய மனுசன் மாதிரி, "பால்வண்ணன் அண்ணாச்சியக் கேளுங்க"ங்கான். கோழைப் பயலுவ! அந்த ஆளு சுத்திச் சுத்திப் பாத்துட்டு எப்சிபாகிட்ட வந்து நின்னுட்டான். கழுத்துல சின்னதா ஒரு சிலுவை கெடந்துச்சு அவளுக்கு. அதைப் பாத்துட்டு, "நீ சொல்லும்மா, உண்மையைச் சொல்லு, யாருமே இங்க இல்லையா?"ங்கான்.

அவ ஒரு தடவை என்னைப் பாத்தா. "ரூம்பு பூட்டி இருந்துச்சு சார். நாங்க யாரும் இங்க இல்ல. காலையில வந்துதான் பாத்தோம்"னா. அவ்வளவுதான். அந்த ஆளு மிச்ச வடையைப் பொட்டலம் கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டான். பணம் வந்துட்டு.

கொஞ்சம் தலையை ஒதுக்குங்க அண்ணாச்சி. த்தூ. எனக்கு அங்கதான் பிடிக்காமப் போச்சு. உபதேசியார் மக! கழுத்துல சிலுவையைப் போட்டுக்கிட்டு, கண்ணு இமைக்காம ஒரு பொய்! நான்தான் சொல்லச் சொன்னேன், இல்லன்னு சொல்லல. ஆனா நான் சொல்லச் சொன்னா சொல்லிருவாளா? ஒரு நல்ல பிள்ள என்ன பண்ணிருக்கணும்? முப்பிடாதி பண்ணின மாதிரி வயித்துப்போக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கணும். இவ பொய்யை முழுசாச் சொல்லுதா, ஒரு எழுத்துப் பிசகாம. அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன், இந்தப் பிள்ளைய நம்பி இனிமே சாமானைக் குடுக்கக் கூடாதுன்னு.

புதுச் சாமான் எல்லாம் வந்து எறங்குச்சு. எல்லாத்துலயும் பால்வண்ணா மெலடீஸ்னு சிவப்புல எழுதி வச்சாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில இவ வந்து வாசல்ல நிக்கா. "அண்ணே, என் கீபோர்டு?" எந்தக் கீபோர்டுட்டின்னேன். "எனக்கும் புதுசு வரும்னு சொன்னீங்களே அண்ணே." மழையில நின்னு ஆயிரம் சொல்லுவான் மனுசன். பாலிசி யாரு பேருல இருக்கு? என் பேருல. சாமான் யாருக்கு வரும்? எனக்கு வரும். "ட்ரூப்புல இருந்தா ட்ரூப்பு கீபோர்டை வாசி, ஞாயித்துக்கிழமை வெளிய எல்லாம் குடுக்க முடியாது, புதுச் சாமான்"னு சொன்னேன். அதுலயும் நான் ஒண்ணும் கோவப்படல, பக்குவமாத்தான் சொன்னேன். "சபையில நான் என்ன அண்ணே சொல்லுவேன்"னா. "அதான் நல்லாப் பொய் சொல்லுதியே, அங்கயும் ஒண்ணைச் சொல்லு"ன்னேன்.

அன்னைக்குப் போனவதான், பொறவு வரல. என்னது? இப்ப என்ன பண்ணுதாளா? பஜார்ல ஒரு ஜவுளிக்கடையில துணி மடிக்கா. அந்த வழியாப் போகையில பாத்தேன். கூட்டம் இல்லாத நேரம், மடிச்ச சேலை மேல பத்து விரலையும் வச்சு அமுக்கிக்கிட்டு நிக்கா, கட்டையை அமுக்குத மாதிரி. கோட்டி பிடிச்சிட்டு போலன்னு நெனச்சிக்கிட்டுப் போயிட்டேன். இப்ப எனக்கு ஒரு பய வாசிக்கான். நான் சுதி விட்டுப் போனேன்னா அவன் பாட்டுக்கு நேராப் போயிட்டு இருக்கான், மூதி. போன கச்சேரியில முன் வரிசையில உக்காந்து சிரிக்கானுவ அண்ணாச்சி, என்னைப் பாத்துச் சிரிக்கானுவ. எல்லாம் இவளால வந்த வினை.

இதோட முடிஞ்சுதான்னு கேளுங்க. முடியல. போன வாரம் அவ கோயில்ல எந்திரிச்சு நின்னு, அத்தனை சனத்துக்கு முன்னால, "நான் பொய் சொல்லிட்டேன், சபை குடுத்த கீபோர்டை அந்தப் பொய்யில தொலைச்சிட்டேன்"னு சொல்லி அழுதாளாம். சரி, அழுதுட்டுப் போ. அது கோயிலோட நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும். அடுத்த நாளே பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய், இன்சூரன்ஸ் ஆபீஸ்ல அதே கதையைச் சொல்லிட்டு வந்திருக்கா. "நாங்க எல்லாரும் அங்கதான் இருந்தோம், அண்ணாச்சி பூட்டிட்டாரு, நான்தான் யாரும் இல்லன்னு சொன்னேன், என்னை என்ன பண்ணணுமோ பண்ணுங்க"ன்னு. பொய் சொன்னியா, சொன்னதுல நில்லு! அதுக்கும் யோக்கியதை இல்ல. பொய் சொல்லும்போதும் என் மூஞ்சியப் பாத்துட்டுச் சொன்னா, உண்மையைச் சொல்லும்போது என்னை ஒரு வார்த்தை கேக்கல. இதைவிட ஒரு அசிங்கம் உண்டா உலகத்துல?

அதுக்குத்தான் இன்னைக்கு என்னை இன்சூரன்ஸ்காரன் ஆபீசுக்கு வரச் சொல்லிருக்கான். குத்தாலம் போனையே எடுக்க மாட்டேங்கான். முப்பிடாதிக்குத் திரும்ப வயித்துப்போக்கு. பணத்தைத் திருப்பிக் கேப்பான், கேஸு போடுவான், வாங்கின சாமானை எல்லாம் பிடுங்கிட்டுப் போயிருவான்னு ஒருத்தன் சொல்லுதான். சிவப்புல பேரெழுதின சாமான் அண்ணாச்சி. அது போச்சுன்னா ஆடித்தபசுக்கு நான் வெறுங்கோட்டைப் போட்டுக்கிட்டா நிக்க?

மானூரு வந்துட்டா? சரி, நேரம் கொஞ்சம்தான் இருக்கு. நான் உங்களைப் பாத்ததுல இருந்தே யோசிச்சுக்கிட்டு வாரேன். நல்ல முகவெட்டு உங்களுக்கு. பாத்தா எவனும் நம்புவான். நீங்க என்கூட அந்த ஆபீசுக்கு ஒரு எட்டு வந்து, அன்னைக்குப் பஜார்ல அரிசி வாங்க வந்தேன், மழைக்கு அங்கனதான் ஒதுங்கி நின்னேன், மாடி பூட்டிக் கெடந்துச்சு, ஒரு ஈ காக்கா இல்லன்னு சொன்னாப் போதும். ரெண்டு வார்த்தை. அந்தப் பிள்ளைக்குப் புத்தி சரியில்லன்னு மிச்சத்தை நான் பேசிக்கிடுவேன். சும்மா கேக்கல. உங்க மகளை நம்ம ட்ரூப்புல சேத்துக்கிடுதேன். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக மாதிரி வாசிக்க ஒரு பிள்ளதான் எனக்கு இப்ப வேணும். இந்தக் கீபோர்டையும் பாலிசியில சேத்துருவோம். நம்ம ரூம்புலயே பத்திரமா இருக்கும், புதுத் தகரம் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை வேணும்னா வந்து கேட்டு எடுத்துக்கிடட்டும், நான் என்ன இல்லன்னா சொல்லப் போறேன்?

என்ன அண்ணாச்சி எந்திரிக்கீங்க? இது மானூருல்லா? நீங்க திருநெல்வேலிக்குல்லா டிக்கெட்டு எடுத்தீங்க! பையை விடுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன், எதுக்கு அப்பிடி நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போறீங்க? அண்ணாச்சி! ஏ, கண்டக்டரு, அந்தாளு தெரியாம எறங்குதாரு, பிடிங்க!

எறங்கிட்டான். திரும்பிக் கூடப் பாக்கல. த்தூ! ஒரு பொய் சொல்லத் துப்பில்ல, இவனுக்கெல்லாம் கீபோர்டு ஒரு கேடு.